தொரசாமி எத்தனை கிலோ?

போன மாதம் எங்கள் பழைய மரவாடியிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். சாமான் வாங்கும் பிரிவில் வேலை என்றாள். மரம் அறுக்கும் மிஷின் புதிதாக வாங்க வேண்டுமாம். மூன்று மிஷின்களை வரிசையாக வைத்து, சக்தி, எடை, விலை என்று கட்டம் போட்டு, செல்போனிலேயே காட்டினாள். "மொதமொதல்ல நம்ம கம்பெனிக்கு மிஷின் வாங்கினப்ப கட்டம் போட்டது நீங்கதானாமே மேடம்? இப்ப இருக்கறவங்க யாருக்கும் அந்தக் கத தெரியல. எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் எடைக் கட்டத்தைத்தான் பார்த்தேன். மூன்றும் கிலோவில் இருந்தன. "பொழச்சே போ" என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் கன்னியர் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள். டைப் அடிக்கவும் அங்கேதான் கற்றேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய அடுத்த வருஷம், பத்தொன்பது வயதில், உப்பளத்தில் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த மரவாடியில் வேலைக்குச் சேர்ந்தேன். அதுவரை பிரெஞ்சிலேயே போய்வந்த கடிதங்கள் எல்லாம் இங்கிலீஷுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். ஊரே இரண்டு மொழிக்கு நடுவில் ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்துக்கொண்டு நின்றது. என் இங்கிலீஷ் அப்போது அரைவேக்காடு. தெரியாது என்று சொல்லவும் வாய் வராது. அந்தத் திமிர்தான் பின்னால் என் காலை வாரிவிட்டது.

எங்கள் மரவாடியில் கட்டை விற்பதோடு, ஊரில் சாய்ந்த மரம், பட்ட மரம் எல்லாவற்றையும் வெட்டி அப்புறப்படுத்தும் குத்தகையும் உண்டு. அதற்கு நான்கு அறுப்புக்காரர்கள். ஆள் உயர ரம்பத்தை இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்து மாறி மாறி இழுப்பார்கள். நடேசன் மேஸ்திரியும் ஆறுமுகமும் ஒரு ஜோடி. மேஸ்திரிக்கு ஐம்பது வயது, ரெட்டியார்பாளையத்துக்காரர், நிலம் விற்றுப்போன பிறகு ரம்பம் பிடித்தவர். ஆறுமுகத்துக்கு முப்பது இருக்கும். பதினோரு வருஷம் ஒரே ரம்பத்தின் இரண்டு முனையில் இருந்தவர்கள்.

மேலாளர் முசே லெயோன். 'முசே' என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சு பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய்வந்த நம் ஊர்த் தமிழர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கட்டை ஏற்றும் கூலியாளையும் "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் யாராவது "சுமார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் பார்ப்பார். "சுமார்னு எங்கிட்ட ஒரு அளவும் இல்ல மத்முவாசேல். அளந்துட்டு வாங்க" என்பார். கல்யாணமாகாத பெண்ணைப் பிரெஞ்சில் மரியாதையாக அப்படித்தான் 'மத்முவாசேல்' என்று கூப்பிடுவார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் பென்சிலைக்கூட அளந்து சீவினேன்.

ஒரு நாள் அவர் மூன்று கம்பெனிகளின் விலைப்புத்தகங்களை என் மேஜையில் வைத்தார். பிரெஞ்சில் ஒன்று, ஜெர்மன்காரன் பிரெஞ்சிலேயே போட்டது ஒன்று, மெட்ராஸ் ஏஜெண்ட் இங்கிலீஷில் அனுப்பியது ஒன்று. மூன்றிலும் படம். பெட்ரோல் ஊற்றினால் ஓடும் ரம்பம்! பல்லெல்லாம் ஒரு சங்கிலியில் கோத்து, அது ஒரு நீளத் தகட்டைச் சுற்றிச் சுற்றி ஓடுமாம். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பிரெஞ்சில் அதற்குப் பெயர் 'த்ரோன்சொனேஸ்'. அதை ஆறுமுகம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "சரி, தொரசாமின்னு வெச்சிக்குவோம்" என்றார். அன்றிலிருந்து மரவாடியில் அதற்குத் தொரசாமி என்றே பெயர். "தொரசாமி எப்ப வர்றாரு?" என்று மரியாதையாகத்தான் விசாரிப்பார்கள்.

நான் கட்டம் போட்டேன். புத்தக அட்டையின் நிறத்தை வைத்துப் பச்சை, சாம்பல், சிவப்பு என்று பெயர் கொடுத்தேன். பச்சை எட்டுக் குதிரைச் சக்தி, முப்பத்தாறு கிலோ, விலை மூன்றிலும் குறைவு. ஆனால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். சாம்பல் மூன்று குதிரை, பன்னிரண்டு கிலோ, நடுத்தர விலை, ஒருவரே பிடிக்கலாம். சிவப்பு ஐந்து குதிரை, அதுவும் ஒருவர் பிடிப்பது. விலை மட்டும் கண்ணைக் கட்டியது. அந்த விலைக்கு ஒரு ஜோடி மாடும் வண்டியும் வாங்கி, மாட்டுக்கு ஒரு வருஷத் தீவனமும் போடலாம்.

குதிரைக் கணக்கைப் படித்துக் காட்டியபோது நால்வரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் முதலாளி வைத்திருந்த சின்னக் காரை ஊரில் எல்லோரும் நாலு குதிரைக் கார் என்றுதான் சொல்வோம். "மொதலாளியும் அம்மாவும் ரெண்டு புள்ளைங்களும் குந்திகினு போற காருக்கே நாலு குதிரதான். என் கையில அஞ்சு குதிர குடுக்கறாங்களா? நானே பறந்துடுவேனே" என்றார் ஆறுமுகம். முசே லெயோன் சிரிக்கவில்லை. காருக்குச் சொல்லும் குதிரை வரி போடுவதற்காகச் சர்க்கார் வைத்த எண், மிஷினுக்குச் சொல்வதுதான் உண்மையான இழுவை என்று பொறுமையாக விளக்கினார். வரி கட்ட ஒரு குதிரை, வண்டி இழுக்க ஒரு குதிரை என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது.

பிறகு அவர் சொன்னது யாருக்கும் சிரிப்பை வரவழைக்கவில்லை. "மிஷின் ஒண்ணுதான் வாங்கறோம். அத ஓட்ட ஒருத்தர். மத்த மூணு பேரும் கட்ட ஏத்தற வேலைக்குப் போவணும்."

எல்லோரும் நடேசன் மேஸ்திரியைத்தான் பார்த்தார்கள். பல வருஷத்துக்கு முன் ஒரு கிளை முறிந்து அவர் வலது தோளில் விழுந்திருந்தது. ரம்பம் இழுக்க அந்தத் தோள் ஒத்துழைக்கும். அதன்மேல் கட்டையைத் தூக்கி வைத்தால் மனிதர் சுருண்டுவிடுவார். மற்றவர்களுக்குக் கட்டை ஏற்றுவது கூலி குறைந்த வேலை. அவருக்கு அது வேலையே இல்லை. தொரசாமி கையில் வந்தால் அவர் இருப்பார், வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? அங்கேதான் முசே லெயோன் முசே லெயோனாக இருந்தார். "காகிதத்துல எடை தெரியாது. கையில தெரியும்" என்றார். கடற்கரையிலிருந்து காய்ந்த மணல் வரவழைத்தார். இரண்டு பேர் பிடிக்கும் பச்சையை ஒதுக்கிவிட்டு, மற்ற இரண்டுக்கும் தனித்தனிச் சாக்குப் பையில் மிஷின் எடைக்கு மணலை நிறுத்துக் கட்டி, படத்தில் உள்ளதுபோல முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக இரண்டு மரப் பிடிகள் வைத்துத் தைக்கச் சொன்னார். பையை இடுப்பு உயரத்தில், முழங்கை மடக்கி, உடம்பில் ஒட்டாமல் பிடித்து நிற்க வேண்டும். நான்கு நிமிஷம். கடிகாரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

எடை போட்டு மணல் நிரப்பும் பொறுப்பு என்னுடையது. சாம்பலுக்குப் பன்னிரண்டு கிலோ. அதில் குழப்பமில்லை. சிவப்புக்கு மெட்ராஸ் புத்தகத்தில் கிலோ இல்லை, இருபத்தெட்டுக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் ராத்தல், அதாவது பவுண்டு, குறி போட்டிருந்தது. அகராதியைப் புரட்டினேன். அதற்குப் பிரெஞ்சில் 'லீவ்ரு' என்றிருந்தது. லீவ்ரு எனக்குத் தெரியாதா? கன்னியர் மடத்துச் சமையல்கட்டில் வெண்ணெய் வாங்குவதே லீவ்ருக் கணக்கில்தான். ஒரு லீவ்ரு என்றால் அரைக் கிலோ. இருபத்தெட்டில் பாதி பதினாலு. தராசில் பதினாலு கிலோ வைத்து, ஒரு பிடி கூடாமல் ஒரு பிடி குறையாமல் நிரப்பினேன். துல்லியமாகச் செய்துவிட்ட பெருமை வேறு.

சாம்பல் பையை மூன்று பேர் நான்கு நிமிஷம் பிடித்துவிட்டார்கள். சிவப்புப் பை வந்தது. முதல் ஆள் இரண்டாவது நிமிஷத்தில் போட்டார். அடுத்தவர் மூன்றைத் தொடவில்லை. ஆறுமுகம் பல்லைக் கடித்து மூன்றரை நிமிஷம் நின்றார், பிறகு விரல் தானாகப் பிரிந்துவிட்டது. கடைசியில் நடேசன் மேஸ்திரி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பையைத் தூக்கினார்.

முதல் இரண்டு நிமிஷம் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் கழுத்து நரம்பு எழும்பியது. வலது தோள் துடிக்க ஆரம்பித்தது. சட்டையில்லாத உடம்பு, துடிப்பதெல்லாம் தெரிந்தது. "போதும் மேஸ்திரி, வுட்டுடுங்க" என்று ஆறுமுகமே சொன்னார். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. முசே லெயோன் கடிகாரத்தை மூடி "நாலு" என்று சொன்ன பிறகும் மேஸ்திரி நின்றார். பையை ஒருவர் அடியில் தாங்கி வாங்கித்தான் கையிலிருந்து பிரிக்க முடிந்தது. மனித உடம்பில் அப்படி ஒரு பலம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்குப் பயமாகவே இருந்தது. இன்றுவரை நான் கண்ணால் பார்த்த பெரிய காரியம் அதுதான்.

"பியேன்" என்றார் முசே லெயோன். அவரிடம் அது பெரிய பாராட்டு. "வில அதிகம்தான், பலமும் அதிகம். சிவப்பு மிஷினே வாங்குவோம். நடேசன் மேஸ்திரி ஓட்டுவார்."

ஏஜெண்டுக்குக் கடிதம் அடித்தேன். ஒரு வாரம் கழித்து, சனிக்கிழமை, பதில் வந்தது. அனுப்பத் தயாராக இருப்பதாகவும், புதுச்சேரிக்காரர்கள் வசதிக்காக எடையைக் கிலோவில் தருவதாகவும் எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு கிலோ எழுநூறு கிராம். நான் மூன்று தடவை படித்தேன். இங்கிலீஷ்காரன் ராத்தல் வேறு, பிரெஞ்சுக்காரன் லீவ்ரு வேறு. வார்த்தை ஒன்றாக இருக்கிறது என்று எடையும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். பையில் ஒரு கிலோ முந்நூறு கிராம் மணலை நான் அதிகமாகப் போட்டிருந்தேன்.

சரியான எடை என்றால் ஆறுமுகமும் நின்றிருப்பார். மற்றவர்கள்கூட நின்றிருக்கலாம். நான் உண்மையைச் சொன்னால் மறுபடி சோதனை வைப்பார்கள், நடேசன் மேஸ்திரியின் இடம் ஆட்டம் காணும். சொல்லாவிட்டால் ஆறுமுகத்தை ஏமாற்றியவள் ஆவேன். போதாததற்கு, சோதனைக்கு மறுநாளிலிருந்தே மேஸ்திரி வேலைக்கும் வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரெட்டியார்பாளையம் போனேன்.

மேஸ்திரியின் மனைவி தனம் என்னைக் கண்டதும், "வாம்மா, வந்து பாரு இந்த அழக. ஒரு வாரமா எடக்கையால சோறு திங்கறாரு" என்றார். மேஸ்திரி பாயில் சாய்ந்திருந்தார். வலது தோள் வீங்கி, நொச்சி இலை வைத்துக் கட்டியிருந்தது.

"மொசேகிட்ட நீயே சொல்லிடும்மா" என்றார், நான் வாய் திறப்பதற்கு முன்பே. "எனக்கு அந்த மிஷின் வேணாம். ஒரு நாளு வீம்புக்குத் தூக்கிட்டேன். அத தெனம் தூக்க என்னால ஆவாது."

நான் அழுதுவிட்டேன். அழுகைக்கு நடுவில் லீவ்ரு, ராத்தல், வெண்ணெய், மடம் என்று என்னென்னவோ உளறினேன். அவர் கடைசியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்ப மிஷினு பையவிட லேசா?"

"ஆமா மேஸ்திரி. ஒண்ணேகால் கிலோவுக்கு மேல லேசு."

அவர் முகம் விரிந்தது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப ஆறுமுகமும் புடிச்சிருப்பான்ல?"

நான் தலையை ஆட்டினேன்.

"சொம்மா இருங்க" என்று தனம் குறுக்கே வந்தார். "இந்தப் பொண்ணு வாய மூடிக்கினா யாருக்குத் தெரியப்போவுது? ஒடம்பக் குடுத்து வாங்கின வேல இது. அத ஏன் வுடணும்?"

"அவன் இழுத்தா நான் வுடுவேன், நான் இழுத்தா அவன் வுடுவான். பதினோரு வருசம்டி" என்றார் மேஸ்திரி. "நாளைக்கே சொல்லிடும்மா. எம்பேரச் சொல்லியே சொல்லு."

திங்கட்கிழமை காலையில் முசே லெயோன் முன்னால் போய் நின்று சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. சிவப்புப் பையைத் தராசில் ஏற்றி, வாயைப் பிரித்து, பிடி பிடியாக மணலை எடுத்துப் பழைய பத்திரிகைத் தாளில் போட்டார். முள் பன்னிரண்டு கிலோ எழுநூறுக்கு வந்ததும் நிறுத்தினார். தாளில் கிடந்த மணல் ஒரு தேங்காய் அளவுகூட இல்லை. "இவ்வளவுதான் மத்முவாசேல்" என்றார். "ஒரு மனுஷரோட தோள் வீங்கினது இவ்வளவுக்கு." திட்டியிருந்தால் தேவலை.

ஆள் விட்டு மேஸ்திரியையும் வீட்டிலிருந்து வரவழைத்து, நால்வரிடமும், தவறு ஆபீசுடையது என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. மறுபடி சோதனை நடந்தது. ஆறுமுகம் நான்கு நிமிஷமும் நின்றார். இன்னொருவரும் நின்றார். மேஸ்திரியைத் தூக்க விடவில்லை. "நீங்க இதவிட அதிகமாவே தூக்கியாச்சு" என்றார் முசே லெயோன். இப்போது ஒரு மிஷினுக்கு மூன்று பேர். மிஷின் வந்த பிறகு முடிவு சொல்வதாகக் கூறிவிட்டுப் போய்விட்டார்.

வீக்கம் வடிந்து மேஸ்திரி வேலைக்குத் திரும்பியும் மிஷின் வரவில்லை. காத்திருந்த அந்த நாட்கள் எனக்கு நரகம். மேஸ்திரியும் ஆறுமுகமும் பேசிக்கொள்வதில்லை. கோபம் ஒன்றும் இல்லை, என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஆனால் காலையில் வந்ததும் அதே ரம்பத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடித்து, ஒரு வார்த்தை இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் சரியாக விட்டுக்கொடுத்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நான் எத்தனையோ கடிதங்களைத் தப்பும் தவறுமாக அடித்தேன்.

தொரசாமி ஒரு மரப்பெட்டியில், வைக்கோலுக்குள் படுத்துக்கொண்டு வந்தார். கூடவே ஏஜெண்டின் மெக்கானிக் ஒருவர் வந்து நால்வருக்கும் ஒரு நாள் பூரா சொல்லிக்கொடுத்தார். அதே வாரம் காற்றடித்து, கருவடிக்குப்பத்தில் ஒரு தெருவுக்குக் குறுக்கே தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. தண்ணீர் எடுக்க வழியில்லாமல் தெருவே மறுபக்கம் மாட்டிக்கொண்டு நின்றது. அடிமரம் என் இடுப்புக்கு மேல் இருந்தது. ரம்பத்தால் என்றால் ஒரு வெட்டுக்கே முக்கால் மணி நேரம் ஆகும். முசே லெயோன் குறிப்பெடுக்க என்னையும் அழைத்துப் போயிருந்தார்.

"அதிகமா புடிச்சவர் மொதல்ல" என்றார் அவர். நடேசன் மேஸ்திரி மிஷினைத் தூக்கினார். கயிற்றை இழுத்ததும் எழும்பிய சத்தத்தில் குழந்தைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள், காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. மிஷினின் முன்னால் கோரைப் பல் மாதிரி இரண்டு இரும்பு முட்கள் உண்டு. அதை மரத்தில் ஊன்றினார். அவ்வளவுதான், எடை முழுவதையும் மரமே வாங்கிக்கொண்டது! கை வெறுமனே வழிகாட்டியது. படத்தில் அந்த முள் இருந்தது. அது எதற்கென்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. மரத்தூள் வெள்ளையாக ஊற்றுமாதிரி கொட்டியது. தகடு வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று, இரண்டே வெட்டில் அவ்வளவு பெரிய அடிமரம் துண்டாகி விலகியது. ஒரு கிழவர் கைகூப்பினார். எனக்கும் கும்பிடத் தோன்றியது, மிஷினையா மேஸ்திரியையா என்று அப்போது தெரியவில்லை.

மேஸ்திரி மிஷினை அணைத்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல் நேராக ஆறுமுகத்திடம் போய் மிஷினை நீட்டினார்.

"இந்தாடா, புடி. அடுத்த வெட்டு உன்து."

"உங்களுக்குன்னு குடுத்தது மேஸ்திரி" என்று ஆறுமுகம் பின்வாங்கினார்.

"ஒருத்தனே தெனம் புடிச்சா அவன் கை செத்துப்புடும். மாத்தி மாத்திப் புடிப்போம். ரம்பத்த அப்படித்தான இழுத்தோம்?" என்றவர், முசே லெயோன் பக்கம் திரும்பினார். "மொசே, ஒருத்தன் வெட்னா மத்தவன் ஆப்பு அடிக்கணும், கெளய கழிக்கணும், மரம் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்கணும். நாலு பேரும் வேணும்."

முசே லெயோன் ஆறுமுகத்துக்கு வழிவிட்டு ஒதுங்கினார். ஆறுமுகம் அறுப்பதை, மற்ற இருவர் மாறி மாறி அறுப்பதை, மேஸ்திரி ஆப்பு வைத்து அடிப்பதை எல்லாம் நின்று பார்த்தார். மதியத்துக்குள் தெரு திறந்துவிட்டது. அப்போதுதான் என் பக்கம் வந்தார்.

மிஷினோடு ஏஜெண்ட் அனுப்பிய உத்தரவாத அட்டையில், ஓட்டுபவர் பெயர் என்று ஒரே ஒரு கோடு விட்டிருந்தார்கள். அதைப் பூர்த்தி செய்து திருப்பி அனுப்ப வேண்டும். "நாலு பேரையும் போடுங்க மத்முவாசேல்" என்றார்.

சாயங்காலம் ஆபீசில் அட்டையை டைப் மெஷினில் செருகிவிட்டு, யாரை முதலில் போடுவது என்று நடேசன் மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன். "ஆறுமுகத்த போடு. மத்தவனுங்கள அடுத்து போடு. என்ன கடேசில போடு, எடம் இருந்தா" என்றார். மூன்றாவது பெயரோடு கோடு முடிந்துவிட்டது. அவர் பெயரைக் கோட்டுக்கு வெளியே, வெறும் அட்டையில் அடித்தேன்.